சோதிக்காத ரத்தம்

பிரிஸ்கோவுக்கு அந்த மாத்திரையை என் கையால்தான் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவர வேண்டாம்.

என் பெயர் டெல்சி. வரிகானா வளைகுடாவில் பத்தொன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். ஏழு ஊர்களுக்கு ஒரே கிளினிக், ஒரே நர்ஸ். டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் படகில் ஆறு மணி நேரம். பிரிஸ்கோ என் தங்கை லோய்சியின் கணவன். இருபத்தொன்பது வயது. மரம் வெட்டும் கம்பெனியில் ரம்பம் ஓட்டுகிறவன். அந்த வருடம் மட்டும் அவனுக்கு மூன்று தடவை மலேரியா வந்தது.

எங்கள் பக்கத்து மலேரியாவில் ஒரு வகை உண்டு. காய்ச்சல் விட்டுப் போன பிறகும் ஈரலுக்குள் பதுங்கிக் கிடந்து, சில வாரம் கழித்துத் திரும்பவும் வரும். பதுங்கியதைக் கொல்ல எங்களிடம் இருப்பது ப்ரைமாகுவின் ஒன்றுதான். முன்பெல்லாம் பதினான்கு நாள் கொடுப்போம். அந்த வருடம் புதிய உத்தரவு வந்தது. தினசரி அளவை இரட்டிப்பாக்கி ஏழு நாளில் முடிக்க வேண்டும். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவருடைய ரத்தத்தையும் சோதிக்க வேண்டும்.

அதற்குக் காரணம் இருந்தது. ரத்தத்துக்குச் சிவப்பைத் தருவது ஹீமோகுளோபின். அதற்குள் இருக்கும் இரும்புதான் மூச்சுக் காற்றைப் பிடித்து உடம்பெல்லாம் கொண்டுபோகிறது. ப்ரைமாகுவின் அந்த இரும்பைத் துருப்பிடித்த மாதிரி ஆக்கிவிடும். பெரும்பாலானவர்களுடைய ரத்த அணுவில் அந்தச் சேதத்தை உடனுக்குடன் சரிசெய்துவிடும் ஒரு சத்து உண்டு. சிலர் அது குறைவாகவே பிறக்கிறார்கள், முக்கியமாக ஆண்கள். எங்கள் தீவுகளில் பத்து ஆண்களில் ஒருவரோ இருவரோ அப்படி. சாதாரண நாளில் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. இந்த மாத்திரை உள்ளே போனால் அணுக்கள் உடைந்து மூத்திரத்தில் இறங்கிவிடும்.

மாகாணத் தலைநகரில் இரண்டு நாள் பயிற்சி வைத்து எல்லா நர்சுகளுக்கும் ஆளுக்கொரு சோதனைக் கருவியைக் கையில் கொடுத்தார்கள். கோழியும் சோறும் போட்டு, போட்டோ எடுத்தார்கள். கருவியில் செருகும் பட்டைகள் மட்டும் அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். நான்கு மாதத்தில் ஒன்பது கப்பல் வந்தது. அரிசி வந்தது, டின் மீன் வந்தது, யாரோ ஒரு எம்.பி.யின் படம் போட்ட பனியன் மூட்டை மூட்டையாக வந்தது. பட்டை வரவில்லை.

மாகாணத்தின் மலேரியாத் திட்டத்துக்குப் பொறுப்பு ஸ்டான்ஃபோர்ட். அவர் போன் செய்வார் என்று தகவல் வந்தால், டவர் கிடைக்கும் குன்றின் மேல் ஏறி நிற்பேன். அன்றைக்கு அவர் மற்ற மாகாணங்களின் சதவீதத்தையெல்லாம் சொல்லி, எங்களுடையதுதான் கடைசி என்றார். மாதம் முடிவதற்குள் தொண்ணூறு சதவீதம் பேர் மாத்திரை முடித்திருக்க வேண்டுமாம். பட்டை இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். கேள்வி கேட்டே கொடுக்கலாம், முன்னால் ஏதாவது மாத்திரை சாப்பிட்டு மூத்திரம் கறுத்தது உண்டா என்று விசாரித்தால் போதும் என்றார். அது போதாது என்று பயிற்சியில் சொன்னதே அவர்தான். அதையும் சொன்னேன்.

"டெல்சி, நீ கொடுக்கலன்னா வேற ஆளப் போட்டுக் கொடுக்கச் சொல்றேன்," என்றார். "ஜனங்க மலேரியாவுல கெடக்கறாங்க. நீ பட்டை பட்டைங்கற."

குன்றிலிருந்து இறங்கி வந்தேன். மறுநாள் கொடுக்க ஆரம்பித்தேன். இப்போதும் அந்த இறக்கத்தை நினைத்தால் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் ஆளை மாற்றுவதற்கே மூன்று மாதம் ஆகியிருக்கும்.

நாற்பத்தொரு பேருக்குக் கொடுத்தேன். ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பிரிஸ்கோ சிரித்தான். "அண்ணி, நான் மூத்திரத்தப் பார்த்துக்கிட்டா போறேன்? மரத்தப் பார்த்துக்கிட்டுப் போறேன்," என்றான். பதிவேட்டில் "இல்லை" என்று எழுதினேன்.

நான்காம் நாள் காலையில் அவன் தானாகவே நடந்து வந்தான். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். பாதி வரைக்கும் கறுப்பாக ஏதோ இருந்தது. கோலா என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இப்பப் பார்த்துட்டேன் அண்ணி," என்றான்.

சிரிக்க முயன்றான். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மஞ்சள். படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியை வைத்தேன். தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்ட வேண்டியது, எண்பத்தாறு காட்டியது. விரலைக் குத்தினேன். வந்த ரத்தம் சிவப்பாக இல்லை. கொக்கோவைக் கரைத்த மாதிரி பழுப்பாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் அப்படி ஒரு ரத்தத்தைப் பார்த்ததில்லை.

மிச்ச மாத்திரையை அவன் சட்டைப் பையிலிருந்து நானே எடுத்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிட்டு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற ஒன்பது பேரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கே ஏழு ஊருக்கும் ஆள் விட்டு நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். பிறகு குன்றேறி ஸ்டான்ஃபோர்டைப் போனில் பிடித்தேன். அவர் அவசரப்படாதே, கடும் மலேரியாவில் மூத்திரம் கறுப்பது உண்டுதானே என்றார். தான் நேரில் வந்து பார்க்கும் வரைக்கும் மாத்திரையைப் பற்றிப் படிவத்தில் எதுவும் எழுத வேண்டாம் என்றார். போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் படகு ஏற்பாடு செய்தேன்.

படகில் நான், பிரிஸ்கோ, லோய்சி, பிரிஸ்கோவின் அம்மா ஓலிதா. என் சித்தப்பா மகன் என்ஜினைப் பிடித்தான். ஆறு மணி நேரமும் வெயில். லோய்சி அவன் தலையை மடியில் வைத்து, நனைத்த துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மலேரியாதான் முற்றிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் கூட வருவதற்காக இரண்டு முறை என் கையைப் பிடித்து, நீ இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் அக்கா என்றாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெல்மா இருந்தாள். கியூபாவில் படித்துவிட்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. ஆக்ஸிஜன் வைத்தாள். எண்பத்துநாலு, எண்பத்தைந்து, அதற்கு மேல் ஏறவில்லை. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டாள். காற்றுப் பட்டும் அது சிவக்கவில்லை. அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இரும்பு கெட்டுப்போன ரத்தம், ஆக்ஸிஜன் எவ்வளவு கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளாது என்று கூட நின்ற நர்ஸிடம் சொன்னாள். அதற்கு மருந்து மெத்திலின் நீலம். அலமாரியைத் திறந்து தேடி, கடைசி ஒரு குப்பியை எடுத்து வந்தாள்.

பயிற்சியில் சொல்லித் தந்தவற்றில் எனக்கு மறக்காத ஒரு வரி உண்டு. மற்றவர்களுக்கு அந்த நீல மருந்து உயிர் கொடுக்கும். அந்தச் சத்து குறைந்தவனுக்கு அது வேலை செய்யாது. மிஞ்சியிருக்கும் அணுக்களையும் உடைத்துவிடும்.

ஊசியில் ஏற்றப் போனவளைத் தடுத்து, தட்டின் மேல் கையை வைத்தேன். இவனுக்கு அந்தக் குறை இருக்கலாம், போடாதே என்றேன்.

"நான் பார்த்துட்டேன் சிஸ்டர்," என்றாள் அவள். "கம்ப்யூட்டர்ல இருக்கு. பிரிஸ்கோ, வரிகானா. டெஸ்ட் நார்மல்."

திரையைக் காட்டச் சொன்னேன். திருப்பிக் காட்டினாள். என் கிளினிக்கின் பெயர். அதன் கீழே வரிசையாக நாற்பத்தொரு பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே நார்மல், நார்மல், நார்மல். மாத்திரை ஆரம்பித்த அன்றே நான் படகில் அனுப்பிய தாளில் அந்தக் கட்டங்களெல்லாம் வெறுமையாக இருந்தன.

லோய்சி என் பின்னால் நின்றிருந்தாள். ஓலிதா கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் காதில் விழாமல் இதைச் சொல்ல வழியில்லை.

"டெஸ்ட் பண்ணலை," என்றேன். "ஒருத்தருக்கும் பண்ணலை. பட்டையே வரலை. டெஸ்ட் பண்ணாம நான்தான் மாத்திரை கொடுத்தேன். இது யாரோ உக்காந்து எழுதினது."

டாக்டர் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். எழுத்தில் இருப்பதைத்தான் நம்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்போது ஓலிதா பேசினாள். என்னிடம் இல்லை, டாக்டரிடம். அவளுக்கு பிரிஸ்கோவுக்கு முன்னால் ஒரு மகன் இருந்தானாம். ஆறு வயதில் உடம்பெல்லாம் சொறி வந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் சல்ஃபா மாத்திரை கொடுத்தார்களாம். "மூணாம் நாள் இதே மாதிரிதாம்மா போனான். கறுப்பா. கண்ணு மஞ்சளா. நாலாம் நாள் பொதைச்சோம். எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. சூனியம்னு நெனச்சுட்டேன்."

சல்ஃபாவும் அதே அணுக்களை உடைக்கும், குறையோ தாய் வழியாக மகன்களுக்கு வருவது. டாக்டர் வெல்மா குப்பியை ஒரு ஓரமாக வைத்தாள். ரத்தம் வேண்டும், நிறைய வேண்டும் என்றாள்.

ஹீமோகுளோபின் அப்போது நான்கு புள்ளி ஆறு. அவன் வயது ஆணுக்குப் பதின்மூன்றாவது இருக்க வேண்டும். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனேன். போன மாதம்தானே உங்களுக்கு மலேரியா வந்தது, உங்கள் ரத்தம் வேண்டாம் என்று சோதனைக்கூடத்தில் திருப்பி அனுப்பினார்கள். சர்ச் மைதானத்தில் வலைப்பந்து ஆடிக்கொண்டிருந்த பெண்களை ஒரு நர்ஸ் கூப்பிட்டு வந்தாள். ஐந்து பேருடையது சேர்ந்தது. முகம் தெரியாத பெண்கள். மூன்றாவது பை ஏறும்போது அவன் உதட்டின் நீலம் குறைந்தது.

லோய்சி என் பின்னாலேயே வந்தாள். வராந்தாவில் வைத்துத்தான் கேட்டாள்.

"படகுல வரும்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் உன் கையைப் பிடிச்சு அழுதேனே. அப்பவும் தெரியுமா?"

தெரியும் என்று மறுபடி சொன்னேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஸ்டான்ஃபோர்ட் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பிரிஸ்கோவின் கையைப் பிடித்துக் குலுக்கி, கடவுள் பெரியவர் என்றார். நான் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நார்மல் என்று யார் எழுதியது என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தப்பு செய்தவன் மாதிரியே அவர் பேசவில்லை.

"கட்டத்தக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது, டெல்சி. ரெண்டே பதில்தான். நார்மல், இல்லன்னா குறைவு."

"அப்ப குறைவுன்னு போட்டிருக்க வேண்டியதுதானே?"

"குறைவுன்னு போட்டா மாத்திரை கொடுத்திருக்கக் கூடாதே. அப்புறம் அதுக்குப் பதில் கேப்பாங்க."

"அந்த ஒரு வார்த்தையால இவன் சாக இருந்தான் சார். மருந்து ஊசியில ஏற ஒரு நிமிஷம் இருந்துச்சு."

"சாகலைல்ல," என்றார் ஸ்டான்ஃபோர்ட்.

நான் அந்த வாழைப்பழத்தை எடுத்து வராந்தாவுக்கு வெளியே வீசினேன். நாற்பத்தேழு வயதில், நர்ஸ் உடுப்போடு, எல்லோரும் பார்க்க. உள்ளேயிருந்து பிரிஸ்கோ பலவீனமான குரலில், அண்ணி, பழம் என்ன தப்பு பண்ணிச்சு என்று கேட்டான்.

அவன் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சிறுநீரகம் பாதி நாள் வேலை செய்தது, பாதி நாள் செய்யவில்லை. பிழைத்தான். ஆனால் ரம்பம் பிடிக்க இனி முடியாது. கம்பெனி அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டது.

நான் ஊருக்குத் திரும்பினேன், ஆனால் சும்மா இருக்கவில்லை. பொய் நார்மல் என் கிளினிக்கில் மட்டும்தான் எழுதப்பட்டிருக்குமா? ஞாயிற்றுக்கிழமைகளில் படகெடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குகளுக்குப் போனேன். நான்கு இடம். எங்கேயும் பட்டை வந்திருக்கவில்லை. எல்லோருமே கட்டத்தை வெறுமையாக விட்டுத்தான் தாளை அனுப்பியிருந்தார்கள். டாக்டர் வெல்மா எனக்காகக் கம்ப்யூட்டர் பட்டியலைப் பிரதி எடுத்துத் தந்திருந்தாள். ஐந்து கிளினிக்கும் சேர்த்து முன்னூற்று இருபத்தாறு பேர். அத்தனை பேரும் நார்மல்.

நான்காவது இடத்தில் நர்ஸ் ஜெரோல் இருந்தான். அமைதியான ஆள். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினான். ஓரிடத்தில் அவன் விரல் நின்றது. ஆகஸ்டில் ஒருவன் இறந்திருந்தான். கிளெமன்ட், முப்பத்துநான்கு வயது, தென்னந்தோப்புக்காரன். மாத்திரை ஆரம்பித்த ஐந்தாம் நாள் சாவு. காரணம் கடும் மலேரியா என்று ஜெரோலின் கையெழுத்திலேயே இருந்தது.

"மூத்திரம் கறுப்பாப் போச்சுன்னு அவன் பொண்டாட்டி சொன்னா சிஸ்டர்," என்றான். "மலேரியா அதிகமாயிடுச்சுன்னு நெனச்சேன். மாத்திரையத் தொடர்ந்து குடுக்கச் சொன்னேன்."

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டான். சொல்ல வேண்டும் என்றேன். வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசையாக இருந்தது.

இருவரும் போனோம். அவள் பெயர் மெரியல். மரவள்ளிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். ஜெரோல் வாசலிலேயே நின்றுவிட, நான்தான் சொன்னேன். காய்ச்சல் அவனைக் கொல்லவில்லை, மருந்துதான், சோதித்திருந்தால் தெரிந்திருக்கும், சோதிக்கவில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கடைசி ரெண்டு நாளு அவரு வேணாம் வேணாம்னாரு," என்றாள். "நான்தான் வாயத் தொறந்து போட்டேன். வாந்தி எடுத்தாரு. மறுபடி போட்டேன். நர்ஸ் சொன்னாரு, முழுசா முடிக்கணும்னு."

அதன் பிறகு அவள் எங்களைப் போகச் சொன்னாள்.

வருடக் கடைசியில் மாகாண சுகாதாரக் கூட்டம். ஸ்டான்ஃபோர்ட் மேடையில் நின்று தொண்ணூற்றிரண்டு சதவீதம் என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்தேன். நேரமில்லை, உட்கார் என்றார்கள். உட்காரவில்லை. மெரியல் சொன்னதை, அவள் வாயால் சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பிறகு பட்டியலை விரித்து, பெயர், நார்மல், பெயர், நார்மல் என்று வாசித்தேன். அறுபதாவது பெயரில் இயக்குநர் நிறுத்தச் சொன்னார். ஜெரோல் பின்வரிசையில் எழுந்து, என் கிளினிக்கிலும் ஒன்றுகூடச் சோதிக்கவில்லை என்றான். இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள்.

முன்னூற்று இருபத்தாறு நார்மலையும் அழித்தார்கள். கம்ப்யூட்டரில் "சோதிக்கவில்லை" என்று மூன்றாவதாக ஒரு பதில் சேர்ந்தது. அதற்கு ஒருவர் செத்து ஒருவர் பாதி உயிரோடு திரும்ப வேண்டியிருந்தது. கிளெமன்டின் சாவுக் காரணத்தை ஜெரோல் தன் கையாலேயே திருத்தி எழுதினான். ஸ்டான்ஃபோர்டைத் தண்டித்தார்களா என்று கேட்கிறீர்களா? நாட்டின் தலைநகர் ஹோனியாராவில் வேறு திட்டத்துக்கு மாற்றினார்கள். இப்போது அவருக்குக் குளிர்சாதன அறை. எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மூத்த அதிகாரியைப் பொதுவில் அவமதித்ததற்காக. சோதிக்காமல் மாத்திரை கொடுத்ததற்கு ஒரு வரிகூட அதில் இல்லை. அந்த வரி இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். இல்லாததால் திருப்பி அனுப்பினேன்.

பிப்ரவரியில் பட்டைகள் வந்தன. முதலில் அந்த நாற்பத்தொரு பேரையும் கூப்பிட்டேன். இருபத்துமூன்று ஆண்களில் நான்கு பேருக்குக் குறைவு. அதில் பிரிஸ்கோ ஒருவன். மற்ற மூவரிடமும், மாத்திரை சாப்பிட்டபோது ஒன்றும் ஆகவில்லையா என்று விசாரித்தேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். ஒருவன் முதல் நாளே கோழிக்குப் போட்டுவிட்டானாம். மற்றவர்கள் கடலில் எறிந்திருந்தார்கள். மன்னிச்சிடுங்க சிஸ்டர் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நான் சொன்னதைக் கேட்டவன்தான் கோலா நிறத்தில் பாட்டிலைக் கொண்டு வந்தான்.

லோய்சி இன்னும் என் வீட்டுக்கு வருவதில்லை. பிரிஸ்கோ வருவான், வாசலில் உட்கார்ந்து பாக்கு மெல்லுவான், மழை பற்றிப் பேசுவான், போவான். கோபமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். எனக்கு மூச்சு விடறதே வேலையா இருக்கு அண்ணி, கோபத்த லோய்சி பார்த்துக்கறா என்றான்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் கிளினிக்குக்கு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் விரலை நீட்டினாள். குத்தினேன். கருவி எண்ணைக் காட்டியது. அதன் அர்த்தத்தைச் சொல்லப் போனேன்.

"நீ சொல்லாத. என் பக்கம் திருப்பு," என்றாள்.

திருப்பினேன். அவள் எண்ணைத் தானே படித்தாள். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு மாத்திரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.